மச்சான் தகரத்தில் பக்கத்து வீட்டுக் கான்கிரீட்

"மாப்ள, ஜல்தி கெளம்பி வாங்க. இங்க பெரிய அநியாயம் ஒண்ணு நடந்துபோச்சு!"

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். நான் விழுப்புரத்தில், வாயில் பிரஷ்ஷோடு நிற்கிறேன். போனில் திண்டிவனத்திலிருந்து என் மச்சான் ஏழுமலை. அதாவது என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

"என்ன ஆச்சு மச்சான்?"

"போன்ல சொல்ற மேட்டரா இது? நேர்ல வந்து பாருங்க!"

வைத்துவிட்டார். திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அவ்வளவுதான்… என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணனே பேசியிருக்கிறார் என்றால் அண்ணனுக்கு ஒன்றுமில்லை. அப்போது அண்ணிக்கா? பேன்ட்டை எடுத்த என்னைத் தடுத்து, "எதுக்கும் வேட்டியே கட்டிக்கினு போங்க" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வேட்டியோடு பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் மனதுக்குள் ஓர் இரங்கல் கட்டுரையே எழுதி முடித்துவிட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது. என்ன செய்வது, எழுதிப் பிழைப்பவனின் தொழில் புத்தி!

போய் இறங்கினால் வாசலிலேயே நிற்கிறார் மச்சான். கல்லுக்குண்டு மாதிரி. பக்கத்தில் அவர் மனைவி கலா அக்கா, அதைவிடக் கல்லுக்குண்டு மாதிரி. என் மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கூலில் டிரில் மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவர். உத்தியோகம் போனாலும் கழுத்தைவிட்டு விசில் போகவில்லை. பால்காரரைக்கூட ஊதித்தான் கூப்பிடுவார்.

வாங்க என்றுகூடச் சொல்லாமல் செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். நீல நிறத்தில் என்னவோ ஒரு படம். அதன் மேல் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக என்னவோ.

"எக்ஸ்ரேவா மச்சான்?" என்றேன் நடுங்கிப்போய்.

"எக்ஸ்ரேவா? என் ரூமு மாப்ள! என் ரூமு செவுரு! அதும்மேல கான்கிரீட்ட வாரி அடிச்சிருக்கானுங்க!"

இதற்கா நான் வேட்டி கட்டிக்கொண்டு வந்தேன்?

மச்சான் தன் மொட்டை மாடியில் போன வருஷம் ஒரு ரூம் போட்டார். செங்கல் கிடையாது. இப்போதெல்லாம் எல்லோரும் போடுகிறார்களே, பெயிண்ட் அடித்தே வருகிற தகர ஷீட்… கூரையும் அதுதான், சுவரும் அதுதான். கடல் நீலம். அந்த நீலத்தைத் தேர்ந்தெடுக்க அவர் அலைந்த அலைச்சலுக்கு மரக்காணம் போய்க் கடலையே பார்த்துவிட்டு வந்திருக்கலாம். அதற்கு 'கெஸ்ட் ஹவுஸ்' என்று பேர் வேறு. கலா அக்கா அதில் வடாம் காய வைப்பார். வெளியே காய்வதைவிட உள்ளே சீக்கிரம் காய்கிறதாம். இருந்தாலும் மச்சான் விடாமல் தினமும் உள்ளே உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார், வேர்த்துக் கொட்டிக்கொண்டு.

அந்த ரூமின் ஒரு சுவர் சரியாகப் பக்கத்து வீட்டு எல்லையில் நிற்கிறது. பக்கத்து வீடு தண்டபாணியுடையது. மச்சானிடம் டிரில் படித்த பையன்தான். இப்போது லோடு வண்டி ஓட்டுகிறான். அவன் மனைவி அமுதா டெய்லர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான். மழைக்காலம் வந்தால் ஊரார் ஜாக்கெட்டில் சொட்டக் கூடாதென்று தையல் மெஷினை மூலைக்கு மூலை நகர்த்திக்கொண்டே இருப்பாள் அமுதா. தளம் போட்ட வீட்டை எங்கள் பக்கம் மெத்தை வீடு என்போம். 'எங்க வூட்டுக்கு எப்பண்ணா மெத்த போடுவோம்?' என்று என்னிடமே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், என்னவோ நான்தான் போடப் போகிற மாதிரி.

அந்த மெத்தை முந்தின நாள், சனிக்கிழமை, போட்டாகிவிட்டது. மிக்ஸர் மெஷின் சுற்ற, ஆட்கள் தட்டுத் தட்டாகக் கலவையைக் கைமாற்றி மேலே கொட்ட, மேஸ்திரி கத்த… தளம் போடுகிற நாளென்றால் வீட்டுக்காரர் பிரியாணி போட வேண்டும், அது எழுதாத சட்டம். போட்டார்கள். முதல் இலை மச்சானுக்குத்தான். சாப்பிட்டார். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஏப்பத்தோடு மாடியேறி கெஸ்ட் ஹவுஸில் உட்கார்ந்தால், வெளியே சுவரில் 'பட்… பட்…' என்று என்னவோ வந்து விழுகிற சத்தம்.

"பிரியாணி வாசன கையவுட்டுப் போவல, அதுக்குள்ள சண்டைக்கு நின்னுட்டாரு மனுஷன்" என்றார் கலா அக்கா.

இதில் ஒரு விசேஷம் உண்டு. கான்கிரீட் தெறித்தது சுவரின் வெளிப்பக்கத்தில். அதை மச்சான் மாடியிலிருந்து பார்க்க முடியாது. தெருவிலிருந்தும் பார்க்க முடியாது. தண்டபாணி மெத்தை மேல் ஏறி நின்றால்தான் தெரியும்! கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கையை நீட்டி, செல்போனால் குத்துமதிப்பாக எடுத்ததுதான் அந்த எக்ஸ்ரே. தனக்குத் தெரியவே தெரியாத ஒரு கறைக்காக ஒரு மனிதர் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை.

சிரித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் நான் ஊர் திரும்பியிருப்பேன். ஆனால் கலா அக்கா மெதுவாக இன்னொன்றைச் சொன்னார். "மோட்டாரு போட மாட்டேன்னு சொல்லிட்டார்ப்பா…"

சிரிப்பு நின்றுவிட்டது.

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். தளம் போட்ட மறுநாள் காலையில் அதன் மேல் வரப்பு மாதிரி சின்னச் சின்னதாகப் பாத்தி கட்டி, வயலுக்கு நிறுத்துவதுபோலத் தண்ணீர் நிறுத்த வேண்டும். நாற்று நடாததுதான் பாக்கி. தண்ணீர் நிற்காமல் காய்ந்தால் மெத்தை வெடிக்கும். வெடித்தால் அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் ஒழுகும். வெயிலோ அக்னி நட்சத்திர வெயில். தண்டபாணி வீட்டில் போர்வெல் கிடையாது. அஸ்திவாரம் தோண்டிய நாள் முதல் வேலைக்கெல்லாம் மச்சான் போரிலிருந்துதான் ஹோஸ் போட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதைத்தான் நிறுத்திவிட்டார்.

"கறை போனாத்தான் தண்ணி. சொன்னா சொன்னதுதான்" என்றார் மச்சான்.

அதற்குள் தண்டபாணியே வந்துவிட்டான். வாசலில் நின்றதும் அவனை அறியாமல் குதிகால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. பழைய பழக்கம்!

"சார், தப்புதான் சார். தார்ப்பாய கட்டித்தான் வெச்சிருந்தோம். மானம் இருட்டிக்கினு வந்துச்சா… மேஸ்திரி அத்த அவுத்து சிமெண்ட்டு மூட்ட மேல போட்டுட்டாரு. மழையும் வர்ல."

"மழ வர்லன்னா அதுக்கு என் செவுரு இன்னா பண்ணும்?"

"நானே கழுவித் தந்துர்றேன் சார்."

"கழுவு. கழுவி முடிச்சிட்டு வந்து சொல்லு. அப்புறம் மோட்டாரு போடறேன்."

"கழுவறதுக்குத் தண்ணி வேணுமே சார்…"

மச்சான் விசிலை எடுத்து வாயில் வைத்தார். ஊதவில்லை. எனக்கென்னவோ நியாயம் ஜெயித்துவிட்டதாகத்தான் தோன்றியது.

"அது உன் பாடு!" என்றார் கடைசியில்.

தண்டபாணி காலி டிரம்களை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு, எந்தக் கழனிக் கிணற்றிலாவது கெஞ்சித் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

மேஸ்திரியும் அங்கேதான் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். இந்தக் கறை போகுமா என்று கேட்டேன்.

"அது ஒண்ணும் ஆவாது சார். மழைக்குத் தானா கொட்டிடும்."

"எந்த மழைக்கு?"

"வர்ற மழைக்கு."

நல்ல மனுஷன். பாத்தி கட்டிக் கொடுத்துவிட்டேன், தண்ணீர் உங்கள் பொறுப்பு என்று அவரும் போய்விட்டார்.

மேலே பார்த்தேன். சாரத்தில் சாத்தியிருந்த ஏணியில், தோளில் பிளாஸ்டிக் குடத்தோடு அமுதா ஏறிக்கொண்டிருந்தாள். தெருக்குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்து, தூக்கி, ஏறி, ஊற்றி… ஊற்றுகிற தண்ணீர் நிற்கவா செய்கிறது? சுர்ரென்று உறிஞ்சிவிட்டு மெத்தை மறுபடி வெளுத்தது. சும்மா பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நானும் ஒரு குடம் தூக்கிப் பார்த்தேன். பாதி என் வேட்டிக்குப் போனது. மீதியைக் கொண்டுபோய் ஊற்றியபோது, "வேணாண்ணே, நீங்க வுழுந்து வெச்சா அது வேற பேஜாரு" என்றாள்.

மச்சானிடம் போனேன். "மச்சான், அந்தப் பொண்ணு மெத்தை வெடிச்சிடும் போலிருக்கே…"

"என் செவுரு மட்டும் நாசமாப் போலாமா?"

சரி, இவரோடு பேசிப் பயனில்லை, கறையைப் போக்குகிற வழியைப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். செய்தேனா… தெருவே கூடிவிட்டது. நம் ஊரில் வேலைக்குத்தான் ஆள் கிடைக்காது. யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. மண்ணெண்ணெய் போடச் சொன்னார் எதிர்வீட்டுக்காரர். கோலாவை ஊற்றினால் எலும்பே கரையும், இது என்ன பிரமாதம் என்றது ஒரு கல்லூரிக் குரல். கலா அக்கா தன் பங்குக்குப் புளியை ஊற வைத்துக்கொண்டு வந்துவிட்டார். "குத்துவெளக்கே பளபளன்னு ஆவுது. தகரம் ஆவாதா?" என்றார். அந்தத் தகரத்துக்குப் பொட்டு வைத்துத் திரி போடாததுதான் குறை.

நான் செல்போனில் இன்டர்நெட்டைத் திறந்தேன். அது ஆற அமரச் சுற்றிச் சுற்றி, கடைசியில் சொன்னது: துணியை வினிகரில் நனைத்துக் கறை மேல் ஒட்டி வை. ஊறியதும் பிளாஸ்டிக்கால் மெல்லச் சுரண்டு. இரும்பு கூடாது. ஆசிட் கூடவே கூடாது.

மச்சானும் தெரிந்துகொள்ளட்டுமே என்று எல்லாவற்றையும் உரக்கப் படித்தேன். அங்கேதான் வந்தது வினை. ஆசிட் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வினிகருக்கு எங்கே போவது? மளிகைக் கடையில் கேட்டால், பினாயில் இருக்கிறது வேண்டுமா என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃப்ரைடு ரைஸ் கடை. சாயங்காலக் கடைக்குக் காலையிலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். வினிகர் எதற்கு என்று கேட்டார்கள். சுவருக்கு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அரை பாட்டில் கொடுத்தார்கள்.

திரும்பி வந்து மச்சான் வீட்டு மாடியேறினால்… ஒட்டடைக் கொம்பின் நுனியில் துணியைச் சுற்றிக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்துப் பாதி உடம்பு வெளியே தொங்க மச்சான் என்னவோ செய்துகொண்டிருக்கிறார். அவர் வேட்டியைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தபடி கலா அக்கா. கீழே, பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பாட்டில். மூடி திறந்து கிடக்கிறது.

"மச்சான், வேணாம்!"

"கரையுது மாப்ள! பாருங்க, புஸ்ஸுனு கரையுது!"

நானும் எட்டிப் பார்த்தேன். கரையத்தான் செய்தது. நுரை நுரையாகக் கான்கிரீட் கரைந்தது. கூடவே கடல் நீலமும் கரைந்தது. ஆசிட் ஒரு கோடாக இறங்க இறங்க, அது போன வழியெல்லாம் வெளுத்துக்கொண்டே போனது. கீழே தண்டபாணியின் புது மெத்தை.

அமுதா அப்போதுதான் குடத்தோடு ஏணியின் கடைசிப் படியை ஏறி வந்திருந்தாள்.

"ஐயோ சார்! கலரு போவுது சார்!"

ஓடி வந்தாள். குடத்தை அப்படியே தூக்கி, மச்சான் சுவரில், ஆசிட் ஓடிய கோட்டின் மேல் மேலிருந்து கீழ்வரை ஒரே வீச்சாக ஊற்றினாள். முழுக் குடமும் காலி. நுரை அடங்கியது. கோடு பாதியில் நின்றது.

அமுதா குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள், மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று. அப்புறம் பாத்தி வரப்புப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"கொழாயில தண்ணி நின்னுடுச்சி சார். இதான் கடைசிக் கொடம்" என்றாள். குரல் உயரவே இல்லை. "உங்க செவுரு கெட்டுடப் போவுதுன்னு ஊத்திட்டேன். என் மெத்தைக்கு நான் இன்னா பண்ணட்டும்… நீங்களே சொல்லுங்க சார்."

கலா அக்கா, பிடித்திருந்த வேட்டியை வெடுக்கென்று விட்டார். மச்சான் விழாமல் சமாளித்தது தெய்வச் செயல்.

மச்சான் ஒட்டடைக் கொம்பைச் சாத்தி வைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் உறுமும் சத்தம். ஹோஸ் புரண்டு, இருமி, தண்ணீரைக் கக்கியது.

மன்னிப்பு கின்னிப்பு ஏதாவது கேட்டாரா என்றால், மூச்! டிரில் மாஸ்டர்கள் மன்னிப்புக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக விசில் ஊதினார். "அந்த மூல காயுது பாரு! வரப்புல ஓட்ட! அட, அத்த அடை!" என்று அரை நாள் அந்த மெத்தைக்கு அவர் போட்ட உத்தரவில் அது ஏரியாகிவிட்டது. வெயிலில் தொப்பிகூட இல்லாமல் நின்றார். கலா அக்கா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் சட்னியோடு இட்லியை அமுதாவுக்குக் கொடுத்தனுப்பினார். தன் புருஷனுக்கு அன்றைக்கு லேட்டாகத்தான் கிடைத்தது.

மத்தியானம் தண்டபாணி வந்தான். யார் யார் காலிலோ விழுந்து பிடித்த தண்ணீர், டிரம் டிரம்மாக வண்டியில். மேலே ஏறிப் பார்த்தால் மெத்தை நிறையத் தண்ணீர், நடுவில் விசிலோடு சார். பாவம், குழம்பிவிட்டான்.

"சார், அப்ப இந்தத் தண்ணிய இன்னா பண்றது?"

"செவுத்தக் கழுவு!" என்றார் மச்சான்.

கழுவினோம். வினிகர்த் துணியை ஒட்டி வைத்து, ஊற விட்டு, மச்சானின் பழைய பிளாஸ்டிக் ஸ்கேலால் நெம்பினால், அப்பளம் மாதிரி கழன்று வந்தது. ஒரு ராத்திரி காய்ந்த கான்கிரீட்டுக்கு அவ்வளவுதான் பிடிமானம். சாயங்காலம் சுவர் கடல் நீலமாக ஜொலித்தது… மச்சான் போட்ட அந்த ஒரு வெள்ளைக் கோட்டைத் தவிர. அதற்கு இன்டர்நெட்டிலும் மருந்து இல்லை. தெறித்ததெல்லாம் போய்விட்டது, துடைத்ததுதான் நிற்கிறது. நம் வீட்டுச் சண்டைகளும் இப்படித்தானே?

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போன ஞாயிறு மறுபடி திண்டிவனம் போக வேண்டியிருந்தது. இந்த முறை பேன்ட்டில்.

மெத்தைக்கு ஒரு கீறல் இல்லை. பாத்தியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அமுதா ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மச்சானோ தன்னோடு வேலை பார்த்த ஒரு வாத்தியாரை மெத்தை மேலேயே கூட்டிவந்து சுவரைக் காட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்துதானே தெரியும்!

"இதோ, இந்த வெள்ளக் கோடு பாருங்க. இவங்க மெத்த போட்டப்ப ஆனது. சரி போவுது, பக்கத்து வூட்டுப் புள்ளைங்கன்னு நான்தான் பெருந்தன்மையா வுட்டுட்டேன்."

வாத்தியார் மச்சானைப் பார்த்த பார்வையில் அத்தனை மரியாதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் இறங்கிப் போனதும் அமுதாவிடம் போனேன்.

"இன்னாம்மா, இப்படி ஒரு பொய்ய சொல்லிக்கினு போறாரு, நீ சும்மா நிக்கறியே?"

"சொல்லிட்டுப் போவட்டும்ண்ணே. இன்னும் செவுரு பூசணும், அதுக்கும் தண்ணி அவுரு போர்லேர்ந்துதான் வரணும்." ஹோஸைக் காய்ந்த மூலைக்குத் திருப்பினாள். "பூச்சு வேல முடியட்டும்… அப்புறம் கீது அவருக்குக் கச்சேரி!"